மூளையின் விந்தைகளும் கதைஞனின் கடமையும்

பாரசீக உரைநடை இலக்கியத்தின் முற்காலச் செல்வங்களுள் ஒன்று ‘சஹார் மகாலா’. ‘நான்கு உரைகள்’ என்பது அப்பெயரின் பொருள். சமர்கந்தைச் சேர்ந்த நிஜாமி அரூஸி என்பார் கி.பி. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதனை இயற்றினார். மன்னனின் அவைக்கு இன்றியமையாதவராகிய எழுத்தர், கவிஞர், சோதிடர், மருத்துவர் ஆகிய நால்வரின் தொழிற்சிறப்பை இந்நூல் கதைகளின் வாயிலாக விளக்குகிறது. மருத்துவரைப் பற்றிய நான்காம் உரையில், இப்னு சீனாவின் (980–1037) பெயரால் வழங்கும் கதை ஒன்று உண்டு.

புவைஹி அரச குடும்பத்து இளைஞன் ஒருவனுக்கு மனநோய் கண்டது. தன்னை மாடு என்றே அவன் நம்பினான். மாட்டைப் போலவே கத்தினான். தன்னை அறுத்துத் தன் இறைச்சியில் ஹரீஸா சமைக்குமாறு கண்டவரையெல்லாம் வேண்டினான். நாளடைவில் உணவையும் மருந்தையும் மறுத்துவிட்டான். மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் செய்தி இப்னு சீனாவை எட்டியது. கசாப்புக்காரர் வருகிறார் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லச் செய்த அவர், கையில் கத்தியுடன் வந்து, மாடு எங்கே என வினவினார். இளைஞன் கத்திக் காட்டினான். அவனைத் தரையில் கிடத்திக் கைகால்களைக் கட்டச் செய்து, கத்தியைத் தீட்டி, கசாப்புக்காரர்கள் பார்ப்பது போலவே விலாவைத் தடவிப் பார்த்தார். இந்த மாடு மிகவும் மெலிந்திருக்கிறது, தீனி போட்டுக் கொழுக்க வைத்த பின்னரே அறுக்க வேண்டும் என்று கூறிவிட்டுச் சென்றார். அன்று முதல் இளைஞன் தரப்பட்டதையெல்லாம் உண்டான். உணவோடு மருந்தும் உள்ளே சென்றது. ஒரு மாதத்தில் அவன் நலம் பெற்றான்.

இது நிகழ்ந்ததுதானா என்பதை ஆராய்வது நம் நோக்கமன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இக்கதை உயிரோடிருப்பதன் காரணமே ஈண்டு நாம் சிந்திக்கத்தக்கது. மனிதன் ஒருவன் தன்னை மாடென நினைப்பது விந்தை. அவ்விந்தை மட்டுமே கதையாகியிருப்பின் ஒருமுறை நகைத்து மறந்திருப்போம். நோயாளியின் நம்பிக்கைக்குள்ளேயே புகுந்து, அதன் தர்க்கத்தை மதித்து, உள்ளிருந்தே ஒரு வாயிலைத் திறக்கும் மருத்துவரின் செயல்தான் இக்கதைக்கு உயிரூட்டுகிறது. மனித மூளையின் விந்தைகள் எப்போது இலக்கியமாகின்றன, எப்போது வெறும் வேடிக்கையாகச் சுருங்குகின்றன என்னும் வினாவுக்கு இக்கதை ஓர் அளவுகோலைத் தருகிறது. அவ்வளவுகோலைக் கையில் கொண்டு, கடந்த இரு நூற்றாண்டுகளின் சில படைப்புகளையும் அவற்றின் பின்னணியிலுள்ள மூளையியல் உண்மைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

நாடியில் பிடிபட்ட காதல்

மருத்துவக் குறிப்பு இலக்கியமாகும் வழியைக் காட்டும் இன்னொரு சான்றும் இப்னு சீனாவிடமே உண்டு. ‘அல்கானூன் ஃபித் திப்’ என்னும் தம் பெருநூலில், தலையைச் சார்ந்த நோய்களின் வரிசையில் ‘இஷ்க்’ என்னும் காதல் நோயையும் அவர் வைத்தார். நோயாளி தாம் விரும்புபவரின் பெயரை மறைப்பின், நாடியில் விரலை வைத்தபடி பல பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிவர வேண்டும். எந்தப் பெயருக்கு நாடி மாறுகிறதோ, அப்பெயரோடு ஊர், தெரு, தொழில் முதலியவற்றைச் சேர்த்துச் சொல்லிச் சோதித்தால் உண்மை வெளிப்படும் என்றார். கிரேக்க மருத்துவர் கேலனும் 2ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய நிகழ்ச்சியொன்றைப் பதிவு செய்துள்ளார்.

கானூனில் ஒரு சோதனை முறையாக இருந்த இது, ‘சஹார் மகாலா’வில் ஜுர்ஜான் நகரத்து இளைஞன் ஒருவனின் கதையாயிற்று. பின்னர் 13ஆம் நூற்றாண்டில் மௌலானா ஜலாலுத்தீன் ரூமி, தம் ‘மஸ்னவி’யின் முதற்கதைக்கே இதனைக் கருவாகக் கொண்டார். நோயுற்ற அடிமைப்பெண்ணின் நாடியைப் பிடித்தபடி மருத்துவர் ஊர் ஊராகப் பெயர் சொல்லிவர, சமர்கந்தின் பெயர் வந்ததும் நாடி துள்ளுகிறது. மருத்துவ நூலுக்கு நாடித்துடிப்பே இறுதி விடை. ரூமிக்கோ அது தொடக்கமாயிற்று. மனித உயிர் எதற்காக ஏங்குகிறது, எந்த ஏக்கம் நிலையானது என்னும் வினாக்களை நோக்கி அவர் நம்மை அழைத்துச் செல்கிறார். உடலின் ஒரு சிறு விந்தையைப் பெரும் படைப்பாளி கையாளும் முறை இதுவாகும்.

கதை புனையும் உறுப்பு

மூளையின் விந்தைகள் எழுத்தாளரை ஈர்ப்பதற்கு ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. மூளையே இயல்பில் ஒரு கதைசொல்லி. பார்வையின் பெரும்பகுதி, நாம் அறியாவண்ணம் விரைந்து நிகழும் அனுமானமும் முடிவும் சேர்ந்ததே என்பதை ‘கிதாபுல் மனாஸிர்’ என்னும் ஒளியியல் நூலில் இப்னுல் ஹைஸம் 11ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார். இப்னு சீனாவோ அகப்புலன்கள் ஐந்தை வகுத்தபோது, மனத்தில் சேர்ந்துள்ள உருவங்களைப் பிரித்தும் இணைத்தும் புதியன செய்யும் ஆற்றலுக்கு ‘முதகய்யிலா’ எனப் பெயரிட்டு, அது உறக்கத்திலும் ஓய்வதில்லை என்றார். அவர் இவ்வாற்றல்களை மூளையின் உட்குழிகளில் வைத்துக் காட்டியதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆயினும் ஓயாது புனையும் ஓர் ஆற்றல் நம்முள் உண்டென்ற அவர்தம் கூற்றை, 20ஆம் நூற்றாண்டின் ஆய்வொன்று எதிர்பாராத வகையில் நினைவூட்டியது.

மூளையின் இடப்பாதியையும் வலப்பாதியையும் ஒரு நரம்புப் பாலம் இணைக்கிறது. கடும் வலிப்பு நோயைத் தணிக்க வேண்டிச் சிலருக்கு இப்பாலம் அறுவை மருத்துவத்தால் துண்டிக்கப்பட்டது. அத்தகையோரை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மைக்கேல் கஸ்ஸனிகா 1970களில் செய்த சோதனையொன்று புகழ்பெற்றது. நோயாளியின் இட மூளைக்கு மட்டும் ஒரு கோழிக்காலின் படம் காட்டப்பட்டது. வல மூளைக்கு மட்டும் பனி மூடிய ஒரு காட்சி காட்டப்பட்டது. பின்னர் எதிரே பரப்பிய படங்களுள் பொருத்தமானவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, இட மூளைக்கு உட்பட்ட வலக்கை கோழியையும், வல மூளைக்கு உட்பட்ட இடக்கை பனி அள்ளும் மண்வாரியையும் சுட்டின. ஏன் மண்வாரி என்று கேட்கப்பட்டது. பேச்சாற்றல் இட மூளைக்கே உரியது. அது பனியைக் கண்டதேயில்லை. எனினும் ‘தெரியாது’ என்று அது சொல்லவில்லை. கோழிக் கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்று தயக்கமின்றி விடை தந்தது.

நோயாளி பொய்யுரைக்கவில்லை. கிடைத்த துண்டுகளை இணைத்து ஒரு காரணத்தைப் புனைந்தது அவருடைய மூளை; அதை அவரும் நம்பினார். நலமுள்ள நம் மூளையும் நாள்தோறும் இப்பணியைச் செய்துவருகிறது என்பதே கஸ்ஸனிகாவின் முடிவு. ஆகவே மூளை பிறழும் இடங்களைக் கூர்ந்து நோக்கும் எழுத்தாளர், மனிதர் அனைவரிடமும் மறைவாக இயங்கும் ஒரு பொறியின் உட்புறத்தைக் காண்கிறார். பிறழ்ந்தவரின் கதை நம் அனைவரின் கதையாக ஆவது இதனாலேயே.

மறக்க இயலாதவர் இருவர்

அர்ஜென்டினா எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் 1942இல் ஃபூனெஸ் என்னும் உருகுவே நாட்டு இளைஞனைப் பற்றி ஒரு சிறுகதை வெளியிட்டார். குதிரையிலிருந்து விழுந்து முடமான ஃபூனெஸுக்கு அதன்பின் எதுவும் மறப்பதில்லை. ஒவ்வொரு மரத்தின் ஒவ்வோர் இலையும், அதைக் கண்ட ஒவ்வொரு கணமும் அவன் நினைவில் நிற்கின்றன. பக்கவாட்டில் கண்ட நாயையும் அடுத்த நிமிடம் முன்புறமாகக் கண்ட அதே நாயையும் ஒரே பெயரால் அழைப்பது அவனுக்குப் பொருந்தாததாகப் படுகிறது. வேறுபாடுகளை மறந்தாலன்றிப் பொதுமையைக் காண இயலாது. பொதுமையைக் காணாதவனால் சிந்திக்க இயலாது என்பதைக் கதை உணர்த்துகிறது.

போர்ஹெஸ் கற்பனை செய்ததற்கு நெருக்கமான ஒருவர் அப்போது மாஸ்கோவில் வாழ்ந்துகொண்டிருந்தார். சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி என்பது அவர் பெயர். செய்தியாளராகப் பணியாற்றிய அவர் குறிப்பே எடுப்பதில்லை என்பதைக் கண்டு வியந்த பத்திரிகை ஆசிரியர், 1920களில் அவரை உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியாவிடம் அனுப்பினார். பல்லாண்டுகள் அவரை ஆராய்ந்த லூரியா, 1968இல் அதனை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். பொருளற்ற நீண்ட சொல் வரிசைகளை ஒருமுறை கேட்டு, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் பிழையின்றி ஒப்பித்ததாக லூரியா எழுதுகிறார். ஒலிகள் அவருக்கு நிறமாகவும் சுவையாகவும் தோன்றின. ஒரு புலனின் உணர்வு மற்றொரு புலனையும் தூண்டும் நிலை அது.

இவ்வாற்றல் அவருக்கு வரமாக அமையவில்லை. கதையொன்றைப் படித்தால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனிப் படமாக எழுந்து முழுப்பொருளை மறைத்தது. கவிதையும் உருவகமும் அவருக்குப் பெருந்தொல்லையாயின. மனிதரின் முகங்களை அடையாளம் காணவும் இடர்ப்பட்டார், ஏனெனில் முகபாவம் கணந்தோறும் மாறுகிறது. தேவையற்றவற்றை மறப்பதற்காக அவற்றைத் தாளில் எழுதி எரித்தும் பார்த்தார், பயனில்லை. பல வேலைகள் மாறி, இறுதியில் மேடைகளில் நினைவாற்றலைக் காட்டிப் பிழைப்பு நடத்தினார். காட்சிப்பொருளாக வாழ்ந்த ஒருவரை முழு மனிதராக நம்முன் நிறுத்தியதே லூரியாவின் நூலுக்குரிய பெருமை.

‘இன்ஸான்’ என்னும் சொல்லை ‘நிஸ்யான்’ (மறதி) என்பதோடு இணைத்துப் பொருள் கூறும் அரபு மொழியறிஞர்கள் உண்டு. நினைவாற்றலைப் போற்றும் நாம் மறதியையும் மனிதத் தன்மையின் கூறாகக் காண வேண்டும் என்பதற்குப் போர்ஹெஸின் கற்பனையும் லூரியாவின் ஆய்வும் சான்றாகின்றன.

இல்லாத காலின் வலி

சில வேளைகளில் கதை மருத்துவத்தையும் முந்திவிடுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) கைகால்களை இழந்தோர் பலருக்கு மருத்துவம் செய்தவர் ஃபிலடெல்பியாவின் சைலஸ் வியர் மிட்சல். வெட்டி எடுக்கப்பட்ட காலில் அரிப்பையும் வலியையும் உணர்வதாக அவர்கள் கூறியதை அவர் கேட்டார். அதனை முதலில் அவர் மருத்துவ இதழில் எழுதவில்லை. 1866இல் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில், ஜார்ஜ் டெட்லோ என்னும் போர்வீரன் தன் வாழ்வைத் தானே கூறுவதாக ஒரு சிறுகதையைப் பெயரின்றி வெளியிட்டார். கைகால் நான்கையும் இழந்த டெட்லோ, தான் இன்னும் முழு மனிதன்தானா என்று தன்னையே வினவுகிறான். கதையை உண்மையென நம்பிய வாசகர் சிலர் அவனுக்காகப் பணம் திரட்டினர். மருத்துவமனைக்கே அவனைக் காண வந்தோரும் உண்டு. 1871இல்தான் மிட்சல் இதனைக் கட்டுரையாக எழுதி, ‘மாய உறுப்பு’ எனப் பொருள்படும் பெயரையும் இட்டார்.

தமிழகத்தில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் இம்மாய உறுப்பை மீண்டும் ஆராய்ந்தார். கையை இழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத விரல்களில் தொடுவுணர்வு எழுந்தது. மூளையின் உணர்வுப் படத்தில் கைக்குரிய பகுதி முகத்துக்குரிய பகுதியை அடுத்துள்ளது. வெறுமையான பகுதியில் அண்டைப் பகுதி பரவியதே இதற்குக் காரணமென அவர் விளக்கினார். இவ்விளக்கம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது குறித்து இன்றும் விவாதம் தொடர்கிறது. இறுகி மடங்கிக் கிடப்பதாகத் தோன்றும் மாயக் கைக்கு அவர் கண்ட உபாயம் எளியது: ஒரு கண்ணாடி. நலமான கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு அமைத்து விரலை விரித்தபோது, சிலருக்கு மாயக் கையும் விரிந்தது, வலி தணிந்தது. நோயாளியின் உலகத்துக்குள் நுழைந்தே தீர்வு காணும் வழி இங்கும் தெரிகிறது.

முகம் அறிந்தும் ஆளை அறியாமை

1923இல் பாரிஸ் மனநல மருத்துவர் ஜோசப் கப்கிரா, தம் துணைவருடன் சேர்ந்து ஒரு பெண்மணியின் நிலையை விவரித்தார். தம் உறவினர் அனைவரும் அவரவர் உருவில் வந்த போலிகள் என்று அப்பெண்மணி நம்பினார். இன்று அந்நிலை கப்கிராவின் பெயராலேயே வழங்குகிறது. ராமச்சந்திரனிடமும் அத்தகைய இளைஞர் ஒருவர் வந்தார். விபத்தில் தலையில் அடிபட்டு, நினைவிழந்து கிடந்து எழுந்தவர். தாயைப் பார்த்து, இவர் என் தாயைப் போலவே இருக்கிறார், ஆனால் தாய் அல்லர் என்றார். அதே தாயோ தந்தையோ தொலைபேசியில் பேசினால் ஐயமின்றி அடையாளம் கண்டார்.

முகத்தை அடையாளம் காணும் பகுதியிலிருந்து உணர்ச்சி மையங்களுக்குச் செல்லும் பாதை பழுதுற்றது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். முகம் தெரிகிறது, ஆனால் அம்முகத்தைக் கண்டதும் எழவேண்டிய அன்பின் கதகதப்பு எழவில்லை. இம்முரணைத் தீர்க்க மூளை ஒரு கதையைப் புனைகிறது: இவர் போலி. செவியிலிருந்து செல்லும் பாதை வேறு. அது பழுதுறாததால் தொலைபேசியில் தாய் தாயாகவே இருக்கிறார். ‘இன்ஸான்’ என்பதை ‘உன்ஸ்’ (நெருக்கம், பழக்கத்தால் வரும் அன்பு) என்பதிலிருந்து வந்ததாகக் கூறும் அறிஞரும் உண்டு. அந்த உன்ஸ் அறுந்த இடத்தில், பெற்ற தாயும் அந்நியராகிவிடும் துயரம் இது.

இதனை நாவலாக்கியவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் பவர்ஸ். 2006இல் வெளிவந்து அந்நாட்டின் தேசிய நூல் விருதைப் பெற்ற ‘தி எக்கோ மேக்கர்’ நாவலில், விபத்திலிருந்து மீண்ட மார்க், தன்னைப் பேணவந்த தமக்கை கேரினைப் போலியென விலக்குகிறான். பவர்ஸ் நாவலின் பாரத்தைக் கேரின் மீதும் சமமாக ஏற்றுகிறார். உடன்பிறந்தவனாலேயே மறுக்கப்படும் ஒருத்தி, தான் யார் என்பதையே ஐயுறத் தொடங்குகிறாள். இந்நாவலில் மற்றொரு பாத்திரமும் உண்டு. நோயாளிகளின் விந்தைகளை எழுதிப் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞர் ஒருவர், தாம் அவர்களுக்கு உதவினோமா அல்லது அவர்களை விற்றோமா என்னும் குற்றவுணர்வில் சிக்கித் தவிக்கிறார். நிஜ வாழ்விலும், 1985இல் வெளியான நூலொன்றால் உலகப் புகழ் பெற்ற நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் மீது, நோயாளிகளை எழுத்துக்கான பொருளாக்கினார் என்ற விமர்சனம் எழுந்ததுண்டு. பவர்ஸ் அவ்வினாவைத் தம் நாவலுக்கு உள்ளேயே எழுப்பிக்கொண்டார்.

நினைவிழப்பு: திரையும் உண்மையும்

நினைவிழப்பு தமிழருக்குத் திரைப்படத்தின் வழியே அறிமுகமான விந்தை. தலையில் ஓர் அடி விழுந்தால் நினைவு போகும், மறு அடி விழுந்தால் திரும்பும் என்பது நெடுங்காலம் நம் திரைமரபு. 2005இல் வந்த ‘கஜினி’யின் நாயகனுக்குப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் எதுவும் நினைவில் தங்குவதில்லை, உடலில் பச்சை குத்திக்கொண்டும் புகைப்படங்களில் குறிப்பெழுதியும் பழிவாங்கப் புறப்படுகிறான். இதற்குத் தூண்டுதலாக அமைந்த கிறிஸ்டோபர் நோலனின் ‘மெமெண்டோ’ (2000) ஒரு படி மேலே சென்றது. வண்ணக் காட்சிகளைக் காலத்தில் பின்னோக்கி அடுக்கியதால், சற்று முன் என்ன நடந்தது என்பதை அறியாத நாயகனின் திகைப்பில் பார்வையாளரும் அமர்த்தப்படுகின்றனர். குறைபாட்டை நிகழ்ச்சியாக மட்டும் காட்டாமல், படைப்பின் வடிவமாகவே ஆக்கிய திறம் அது.

ஆயினும் இவ்விரு படங்களிலும் நினைவிழந்தவன் வன்முறையில் இறங்குபவனாகவே வருகிறான். உண்மையில் இந்நிலைக்கு உலகறிந்த சான்றானவர் ஹென்றி மோலைசன். வலிப்பு நோயைத் தணிக்க 1953இல், அவருடைய 27ஆம் வயதில், மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாலானவை நீக்கப்பட்டன. அதன்பின் புதிதாக எதையும் அவரால் நினைவில் நிறுத்த இயலவில்லை. மருத்துவரைக் காணும்தோறும் புதியவராகவே கண்டார். எனினும் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திர வடிவத்தின் கோடுகளை வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேர்ந்தார்; முந்தைய நாள் பயின்றது மட்டும் அவர் நினைவில் இல்லை. கையின் நினைவு வேறு, நிகழ்ச்சியின் நினைவு வேறு என்பதை உளவியலாளர் பிரெண்டா மில்னர் இவர் வழியாகவே நிறுவினார். மோலைசன் பொறுமையும் இனிமையும் வாய்ந்தவர் எனப் பழகியோர் எழுதியுள்ளனர். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆய்வேடுகளில் அவர் எச்.எம். என்ற முதலெழுத்துகளாகவே இருந்தார். 2008இல் அவர் மறைந்த பின்னரே முழுப்பெயர் உலகுக்குத் தெரிந்தது. பெயரை மறைத்துக் காத்த அந்த நாகரிகம் எழுத்தாளருக்கும் உரியது. ஆனால் பெயரை மறைக்கலாம். ஆளை மறைத்துவிடக் கூடாது.

நோயாளியே எழுத்தாளரானபோது

பிறர் எழுதியவற்றைக் கண்டோம். பாதிக்கப்பட்டவரே எழுதும்போது என்ன நிகழ்கிறது என்பதற்குக் கனடாவின் துப்பறியும் நாவலாசிரியர் ஹோவர்ட் எங்கெல் (1931–2019) ஒரு சான்று. 2001 ஜூலை மாதத்துக் காலையொன்றில் அவர் நாளிதழை எடுத்தார். எழுத்துகள் புரியாத அயல்மொழி போலத் தெரிந்தன. இரவில் மூளையின் பின்புறத்தில் இரத்தவோட்டம் தடைப்பட்டிருந்தது. வியப்பு யாதெனில், எழுதும் ஆற்றல் அவரைவிட்டுப் போகவில்லை. எழுதினார், எழுதியதை உடனே படிக்க இயலவில்லை. இவ்வாறு எழுத இயன்று வாசிக்க இயலாத நிலையைப் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டெஜெரின் 1892லேயே விவரித்திருந்தார். கண்ணில் விழும் எழுத்தின் உரு மொழிப் பகுதியைச் சென்றடையும் பாதை அறுந்துவிட, கைக்குச் செல்லும் பாதை நலமாகவே இருக்கும்.

எங்கெல் மெல்ல மெல்ல ஒரு வழியைக் கண்டறிந்தார். எழுத்தின் வடிவத்தை முதலில் விரலாலும், பின்னர் நாவின் நுனியால் மேல்வாயிலும் பற்களிலும் வரைந்து பார்த்தார். கண் தவறவிட்டதை நா எழுதிக் காட்ட, அவர் வாசித்தார். ஒரு பத்தியைப் படிப்பதே பெருமுயற்சி. அந்நிலையிலும் 2005இல் ‘மெமரி புக்’ என்னும் நாவலை வெளியிட்டார். அதில், அவருடைய நெடுநாளைய துப்பறிவாளரான பென்னி கூப்பர்மன் தலையில் அடிபட்டு அதே குறைபாட்டுக்கு ஆளாகி, மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே தன்னைத் தாக்கியவரைக் கண்டுபிடிக்கிறார். குறைபாடு அங்கே இரக்கத்துக்குரிய அணிகலனாக வரவில்லை. பெயர் மறந்துபோவதும், நாளிதழைப் புரட்ட முடியாத எரிச்சலும், அவற்றை மீறி வேலையை முடிக்கும் பிடிவாதமும் அன்றாட வாழ்வாக வருகின்றன. அவர் வெளியிலிருந்து கண்டு எழுதவில்லை; உள்ளே குடியிருந்து எழுதினார்.

நமக்கு இதில் என்ன?

இவையெல்லாம் தொலைநாட்டு இலக்கியச் செய்திகள் என எண்ணிவிடலாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. குணம் நாடிக் கொண்டுவரப்பட்டு, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பிக்க வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். பலர் நினைவில் அவர்கள் இன்று ஓர் எண்ணாகவே எஞ்சியுள்ளனர். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை எவ்வகையிலும் தடை செய்கிறது. சட்டம் சங்கிலியை அகற்றும். சங்கிலிக்குள் இருந்தவர் எதைக் கண்டார், எதற்கு அஞ்சினார், எந்தக் கதையைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார் என்பதைச் சட்டத்தால் சொல்ல இயலாது. அப்பணி கதைஞனுக்கு உரியது.

மூளையின் விந்தையொன்றைக் கேள்வியுற்றதும் எழுத்தாளர் மனத்தில் கதையொன்று துளிர்ப்பது இயல்பு. எழுதுமுன் அவர் மூன்றைத் தம்மிடம் கேட்டுக்கொள்வது நன்று. இந்நிலையின் மெய்யான இயல்பை நான் அறிவேனா, திரைமரபு கற்பித்ததை மட்டுமே அறிவேனா? இந்நிலையில் இருப்பவருக்கு ஒரு நாள் எவ்வாறு விடிந்து எவ்வாறு அடைகிறது? அவரோடு வாழும் தாயும் தமக்கையும் என் கதையில் எங்கே இருக்கிறார்கள்? இவற்றுக்கு விடை தேடத் தொடங்கும் எழுத்தாளருக்குப் பொருள் பஞ்சம் வாராது. நம் ஊரின் ஒவ்வொரு தெருவிலும், பெயரை மறந்த ஒரு முதியவரோ, தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்பதை மீண்டும் மீண்டும் ஐயுற்றுத் தொடக்கத்திலிருந்தே தொழும் ஓர் இளைஞரோ, மறைந்த கணவரின் குரலை இன்னும் கேட்கும் ஒரு மூதாட்டியோ இருக்கக்கூடும். அவர்களின் அருகே அமர்ந்து கேட்பதற்குச் சற்றே நேரமும் நிறையப் பொறுமையும் உள்ளவர் எழுதட்டும்.